நேற்றுக்கு ஒரு செய்தித்தாள் சொந்தமா? ஆங்கில உடைமை வடிவம்: ஓர் எளிய விளக்கம்

“யெஸ்டர்டே’ஸ் நியூஸ்பேப்பர்” என்றால் நேற்றைய செய்தித்தாள். பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த விதிப்படி, ஒரு பெயர்ச்சொல்லின் கடைசியில் அப்பாஸ்ட்ரஃபி என்னும் மேல்குறியும் ‘எஸ்’ என்னும் எழுத்தும் சேர்ந்து வந்தால் அது உடைமையைக் காட்டும். இடப்பக்கம் இருப்பவர் வலப்பக்கம் இருப்பதற்குச் சொந்தக்காரர். அப்படியானால் இந்தச் செய்தித்தாளுக்குச் சொந்தக்காரர் யார்? காசு கொடுத்தவர் வீட்டு நாற்காலியில் அது மடிந்து கிடக்க, பட்டா மட்டும் ‘நேற்று’ என்ற நாளின் பெயரில் இருக்கிறதா?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலம் எழுதும்போது நம்மில் பலர் தடுக்கி விழும் இடங்கள் பலவற்றுக்கும் வேர் இந்த அரைகுறை விதியில்தான் இருக்கிறது. காய்கறிக் கடைப் பலகையில் தக்காளிகளைக் குறிக்க “டொமேட்டோ’ஸ்” என்று எழுதுவது, ‘இட்ஸ்’ என்ற சொல்லில் குறி இடுவதா விடுவதா என்று ஒவ்வொரு முறையும் தயங்குவது, “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்று சொல்லிவிட்டு எங்கே தவறு என்று தெரியாமல் விழிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு பிழைகள்போலத் தெரிந்தாலும் நெருங்கிய உறவினர்கள். பெயரும் வினையும் உடைமையும் ஆங்கிலத்தில் எப்படி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்பது விளங்கிவிட்டால் மூன்றும் ஒருசேரத் தெளியும்.

ஆங்கிலத் தொடர்களை இக்கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அப்பாஸ்ட்ரஃபி வரவேண்டிய இடத்தில் மட்டும் அக்குறியை இடுகிறேன். குறியை நீக்கிவிட்டுப் படித்தால் காதில் விழுவது எதுவோ அதுவே கண்ணிலும் படும் என்பதால், குழப்பம் எங்கே பிறக்கிறது என்று காட்டுவதற்கு இது ஒரு வசதியும்கூட.

முதலில் நம் வீட்டுக் கணக்கு

என் வீடு, என் கை, என் ஊர், என் தம்பி, என் தோல்வி. இந்த ஐந்திலும் ‘என்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இவற்றுள் நான் விற்கக்கூடியது வீடு ஒன்றுதான். கை என் உடம்பின் பகுதி. ஊர் நான் பிறந்த இடம். தம்பி எனக்கு உறவு. தோல்வி எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. ஆனாலும் ‘என் ஊர்’ என்று ஒருவர் சொன்னால், ஊரையே அவர் விலைக்கு வாங்கிவிட்டார் என்று யாரும் எண்ணுவதில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறாம் வேற்றுமைக்குரிய பொருளை அவர்கள் ‘கிழமை’ என்றார்கள். கிழமை என்றால் தொடர்பு, உரிமை. நன்னூல் அதைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இரண்டாக்குகிறது. பொருளிலிருந்து பிரிக்க முடியாத பண்பும் உறுப்பும் போன்றவை தற்கிழமை. பிரித்து எடுக்கக்கூடிய பொருளும் இடமும் காலமும் பிறிதின் கிழமை. முருகனது வேல், முருகனது மலை, மாரனது வேனில் என்று உரைகள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் மூன்றாவதைக் கவனியுங்கள். ஒரு பருவகாலம்கூட ஒருவருக்கு ‘உரியது’ ஆகலாம் என்றால், நேற்றுக்கு ஒரு செய்தித்தாள் இருப்பதில் வியப்பில்லை. இன்னும் நுட்பமாக, உரியதாக வலப்பக்கத்தில் வருவது மக்களைக் குறிக்கும் பெயரானால் ‘அது’ என்னும் உருபை ஆளலாகாது என்றும் பழைய மரபு கட்டுப்படுத்தியது. ‘நம்பியது மகன்’ என்னாமல் ‘நம்பிக்கு மகன்’ என்றார்கள். மாட்டைச் சொல்வதுபோல் மகனைச் சொல்லக்கூடாது என்ற கணக்கு அது.

ஆங்கிலத்தில் மை, யுவர், ஹிஸ் போன்ற சொற்களையும், பெயரோடு அப்பாஸ்ட்ரஃபி எஸ் சேர்ந்த வடிவத்தையும் சேர்த்து ‘உடைமை வடிவம்’ என்கிறோம். பெயர் பழகிவிட்டதால் நானும் அதையே ஆளுகிறேன். ஆனால் அது காட்டுவது நம் இலக்கணம் சொல்லும் கிழமையைத்தான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எந்த?’ என்ற கேள்வியும் ஒற்றை நாற்காலியும்

தெருவில் வழி கேட்பவரிடம் “பிள்ளையார் கோவில் பக்கத்து வீடு” என்று அடையாளம் சொல்கிறோம். அந்த வீடு பிள்ளையாருடையது என்பதல்ல பொருள். கேட்பவருக்குக் கோவில் முன்பே தெரியும். தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஒன்றைக் காட்டுகிறோம். ஆங்கில உடைமை வடிவம் செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான். “ராஜா’ஸ் பைக்” என்றால், ‘எந்த பைக்?’ என்ற கேள்விக்கு ராஜாவைக் கொண்டு விடை சொல்கிறோம். அந்த பைக்கை ராஜா வாங்கியிருக்கலாம், இரவல் பெற்றிருக்கலாம், பழுது பார்க்க விட்டிருக்கலாம், ஏன், பைக் பந்தயத்தில் அதன்மீது பணம் கட்டியும் இருக்கலாம். தொடர்பு எத்தகையது என்பதைச் சூழல்தான் சொல்லும், குறி சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு முன்னால் ‘எந்த?’ என்பதற்கு விடை சொல்ல ஒரேயொரு நாற்காலிதான் உண்டு. அதில் ‘எ’, ‘த’, ‘திஸ்’, ‘தட்’, அல்லது ஓர் உடைமை வடிவம் ஆகியவற்றுள் ஒன்று மட்டுமே உட்காரலாம். ‘த புக்’ சரி, ‘மை புக்’ சரி. ‘த மை புக்’ என்பது ஒரே நாற்காலியில் இருவரை உட்காரவைப்பது. தமிழில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘என்னுடைய அந்தப் புத்தகம்’ என்று இரண்டையும் தாராளமாக அடுக்கலாம்; ‘என் நண்பர் ஒருவர்’ என்றும் சொல்லலாம். இந்தத் தாராளத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைகிறவர் ‘ஒன் மை ஃப்ரெண்ட்’ என்று தொடங்கிவிடுகிறார்.

இருவரையும் அழைத்தே ஆகவேண்டும் என்றால் ஆங்கிலம் ஒருவரை வலப்பக்கத் திண்ணைக்கு அனுப்பிவிடுகிறது: “எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்”. நாற்காலியில் ‘எ’; திண்ணையில் ‘மைன்’. மற்றொரு வழி “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்” என்பது; பல நண்பர்களுள் ஒருவர் என்று பொருள்படுவதால் அங்கே ‘ஃப்ரெண்ட்ஸ்’ பன்மையாக இருந்தே தீரவேண்டும். திண்ணையில் உட்காரும் வடிவத்தால் ஒரு நல்ல வேறுபாடும் பிறக்கிறது. “எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்” என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. “எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்’ஸ்” என்றால் அப்பா வைத்திருக்கும் படங்களுள் ஒன்று. அதில் இருப்பது யாராகவும் இருக்கலாம். தமிழில் ‘அப்பாவின் படம்’ இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. பிரிக்க வேண்டுமானால் ‘அப்பா இருக்கும் படம்’, ‘அப்பாவிடம் இருக்கும் படம்’ என்று வினையைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

இந்த நாற்காலியை ஆங்கிலம் காலியாக விட விரும்பாது என்பதும் நமக்குப் புதிது. ‘கை கழுவு’, ‘பல் துலக்கு’ என்கிறோம்; யாருடைய கை, யாருடைய பல் என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் “வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்”, “பிரஷ் யுவர் டீத்” என்று ஒவ்வொரு முறையும் சொந்தக்காரரைக் குறிப்பிட வேண்டும். மனத்தை முடிவுசெய்வது, வழி தவறுவது, மூச்சை அடக்குவது ஆகியவற்றிலும் “மேக் அப் யுவர் மைண்ட்”, “லூஸ் யுவர் வே”, “ஹோல்ட் யுவர் பிரெத்” என்று வினைக்கும் பெயருக்கும் நடுவே உடைமைச் சொல் வந்து நிற்கும்.

இத்தனை கறாராக இருக்கும் மொழி ஓரிடத்தில் நம்மிடம் தோற்றுப்போகிறது. ‘ரவி கோபியிடம் தன் சாவியைக் கொடுத்தான்’ என்றால் சாவி ரவியினுடையது. ‘அவன் சாவியைக் கொடுத்தான்’ என்றால் பெரும்பாலும் கோபியினுடையது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹிஸ் கீ’ ஒன்றுதான். ‘தன்’ என்ற அந்தச் சிறிய சொல்லுக்கு நேரான ஒன்று இல்லாததால், தேவைப்படும்போது ‘ஹிஸ் ஓன்’ என்று அழுத்திச் சொல்லித்தான் ஆங்கிலம் ஒப்பேற்றுகிறது.

நாற்காலிக்குக் கீழே இன்னொரு இடமும் உண்டு. ‘குழந்தையின் வண்டி’ வேறு, ‘குழந்தை வண்டி’ வேறு. முன்னது எந்தக் குழந்தையுடையது என்கிறது, பின்னது எந்த வகை வண்டி என்கிறது. ஆங்கிலத்திலும் “த டாக்’ஸ் ஃபுட்” என்பது அந்த நாயின் சாப்பாடு. “டாக் ஃபுட்” என்பது கடையில் விற்கும் நாய்த்தீனி. வகையைச் சொல்லும் சில தொடர்களிலும் ஆங்கிலம் குறியோடு கூடிய வடிவத்தையே ஆளும் என்பது உண்மைதான்; மகளிர் கல்லூரியை “விமென்’ஸ் காலேஜ்” என்பது அப்படி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், உடைமை வடிவம் ‘எந்த?’ என்பதற்கு விடை. அது ‘எ’, ‘த’ ஆகியவை உட்காரும் அதே நாற்காலியில் உட்காருகிறது. தொடர்பு எவ்வகை என்பதை வலப்பக்கத்துப் பெயரும் சூழலும் முடிவு செய்கின்றன.

வலப்பக்கத்தில் வினை ஒளிந்திருந்தால்

“ராஜா வாக்ஸ்” என்பது ஒரு முழு வாக்கியம்: ராஜா நடக்கிறான். “ராஜா’ஸ் வாக்” என்பது வாக்கியம் அன்று, ஒரு பெயர்த்தொடர்: ராஜாவின் நடை. வலது ஓரத்தில் இருந்த எஸ் நடுவுக்குத் தாவியதும் வினையாக இருந்த ‘வாக்’ பெயராகிவிட்டது. எழுவாயாக இருந்த ராஜா உடைமை வடிவமாகிவிட்டார். ஆங்கிலத்தில் ஏராளமான வினைகள் உருமாறாமலேயே பெயராகவும் நிற்கக்கூடியவை என்பதால் இது சாத்தியமாகிறது. தமிழில் ‘நட’ என்பது ‘நடை’ என்று சற்றே திரிந்தாக வேண்டும்.

வினையிலிருந்து பிறந்து ஒரு செயலின் பெயராக நிற்கும் சொல்லைத் ‘தொழிற்பெயர்’ என்கிறோம்: வருகை, முடிவு, கொலை, பாடுதல். வலப்பக்கத்தில் தொழிற்பெயர் வந்தால் உடைமை வடிவத்தின் வேலை மாறுகிறது. அது அந்தச் செயலில் பங்கு பெற்றவரைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. “த மினிஸ்டர்’ஸ் அரைவல்” என்பதில் வந்தவர் அமைச்சர். “சீசர்’ஸ் மர்டர்” என்பதில் சீசர் கொலை செய்தவர் அல்லர், கி.மு. 44இல் குத்திக் கொல்லப்பட்டவர். அதே ‘மர்டர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு குற்றவாளியின் பெயரைப் போட்டால் அவர் கொன்றவராகவும் ஆகலாம். ஆக, வினையாக இருந்தபோது அதற்கு இருந்த எழுவாயோ செயப்படுபொருளோ, அது பெயரான பிறகு உடைமை வடிவத்தில் வந்து குடியேறுகிறது. ‘அரசனின் கொலை’ என்று தமிழில் எழுதினாலும் இதே ஐயம் எழும்; இது மொழிகளுக்குப் பொதுவான சங்கடம். உடைமை என்ற கருத்து இங்கே சுத்தமாக உதவாது. கொலைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

வினையோடு ‘இங்’ சேர்த்து உருவாக்கும் தொழிற்பெயர்தான் இதில் சுவையானது. ‘சிங்கிங்’ என்றால் பாடுதல். ‘அவன் பாடுவதை நான் எதிர்க்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் “ஐ டோன்ட் மைண்ட் ஹிஸ் சிங்கிங்” என்றும் சொல்லலாம், “ஐ டோன்ட் மைண்ட் ஹிம் சிங்கிங்” என்றும் சொல்லலாம். எது சரி என்பதில் ஆங்கிலேயர்களே சண்டையிட்டிருக்கிறார்கள். ஹென்றி ஃபௌலர் தம் தம்பி ஃபிரான்சிஸுடன் சேர்ந்து 1906இல் ஒரு மொழிநடைக் கையேடு வெளியிட்டார். அதன் தலைப்பே “த கிங்’ஸ் இங்கிலிஷ்” என்று ஓர் உடைமை வடிவத்தில்தான் தொடங்கும். அதில் ‘ஹிம் சிங்கிங்’ வகைத் தொடரை அவர்கள் கடிந்துகொண்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1920களில் அதை மறுத்து, அது ஆங்கிலத்தில் இயல்பாக வழங்கும் அமைப்பே என்று வாதிட்டார். இன்று பேச்சில் ‘ஹிம்’ மிகுதி; முறையான எழுத்தில் ‘ஹிஸ்’ விரும்பப்படுகிறது.

இந்தச் சண்டை ஏன் வந்தது என்பது தமிழரான நமக்கு எளிதில் விளங்கும் என்றே நினைக்கிறேன். நம்மிடம் இரண்டு வகைத் தொழிற்பெயர்கள் உண்டு. ‘அவனது வருகை’ என்கிறோம். ‘அவனது வருவது’ என்று சொல்வதில்லை, ‘அவன் வருவது’ என்றே சொல்கிறோம். ‘வருகை’ முழுக்கப் பெயராகிவிட்ட சொல். எனவே உடைமை வடிவத்தை ஏற்கிறது. ‘வருவது’ இன்னும் பாதி வினை. எனவே தன் எழுவாயை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘இங்’ இரண்டு வேலைகளையும் ஒரே உருவத்தில் செய்கிறது. பெயராகப் பார்ப்பவருக்கு ‘ஹிஸ்’ சரி, வினையாகப் பார்ப்பவருக்கு ‘ஹிம்’ சரி. ஃபௌலர் முதல் பக்கத்தில் நின்றார். பேசுகிற மக்கள் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஒரே ஒலி, பல வேலை

இனி எழுத்துப்பிழைகளின் பிறப்பிடத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் எஸ் என்ற ஒற்றை எழுத்து பன்மையைக் காட்டும், ‘ராஜா வாக்ஸ்’ என்பதுபோல் வினையின் முடிவில் ஒருமைப் படர்க்கையைக் காட்டும், உடைமையைக் காட்டும், ‘இஸ்’, ‘ஹேஸ்’ என்ற துணைவினைகளின் சுருக்கமாகவும் வரும். “லெட்’ஸ் கோ” என்பதில் அது ‘அஸ்’, அதாவது ‘நம்மை’ என்பதன் மிச்சம்! இத்தனைக்கும் ஒலிவிதி ஏறக்குறைய ஒன்றேதான். ‘கேட்’ என்ற சொல்லின் பின் அது சீறலாக ஒலிக்கும். ‘டாக்’ என்ற சொல்லின் பின் வண்டின் ரீங்காரம்போல் அதிரும். ‘ரோஸ்’ போன்ற சொல்லின் பின் ஓர் உயிரொலி சேர்ந்துகொள்ளும். பன்மையோ உடைமையோ, காதுக்கு வேறுபாடு கிடையாது.

ஆகவே ஒரு பையன், பல பையன்கள் என்ற வேறுபாட்டைக்கூட எழுத்துதான் காப்பாற்றுகிறது. ‘பாய்ஸ்’ என்றால் பையன்கள். “பாய்’ஸ்” என்றால் ஒரு பையனின். “பாய்ஸ்’” என்று எஸ்ஸுக்கு அப்பால் குறி வந்தால் பையன்களின். விடுதிப் பலகையில் “பாய்’ஸ் ஹாஸ்டல்” என்று எழுதிவிட்டால், இத்தனை பெரிய கட்டடத்தையும் ஒரேயொரு பையனுக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். வெறும் பன்மைக்குக் குறியே தேவையில்லை. தக்காளிக்கு அதை இடும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் அதற்கு ‘காய்கறிக் கடைக்காரரின் அப்பாஸ்ட்ரஃபி’ என்றே கேலிப்பெயர் உண்டு.

குறியோடு கூடிய எஸ் உடைமையா, சுருக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வலப்பக்கச் சொல்லைப் பாருங்கள். அங்கே பெயர் இருந்தால் உடைமை: “ராஜா’ஸ் பைக்”. பண்பைச் சொல்லும் சொல் இருந்து தொடர் அதோடு முடிந்தால் ‘இஸ்’: “ராஜா’ஸ் டயர்ட்”, ராஜா களைத்திருக்கிறான். நடந்துமுடிந்த செயலைச் சொல்லும் வினை வடிவம் இருந்தால் பெரும்பாலும் ‘ஹேஸ்’: “ராஜா’ஸ் ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க்”, ராஜா தன் வேலையை முடித்துவிட்டான்.

‘இங்’ வந்தால் மட்டும் இன்னும் ஓரடி தள்ளிப் பார்க்க வேண்டும். “மை பிரதர்’ஸ் சிங்கிங்” என்று சொல்லி நிறுத்தினால், அண்ணன் பாடிக்கொண்டிருக்கிறார், குறி ‘இஸ்’. “மை பிரதர்’ஸ் சிங்கிங் வோக் மீ அப்” என்று நீட்டினால், அண்ணன் பாடியது என்னை எழுப்பிவிட்டது. வாக்கியத்துக்குரிய வினை பின்னால் வேறாக வந்துவிட்டதால் ‘சிங்கிங்’ பெயராகிறது, குறி உடைமையாகிறது. “மை பிரதர்’ஸ் சிங்கிங் டீச்சர்” என்று தொடர்ந்தால், இவர் அண்ணனின் பாட்டு வாத்தியார். ‘சிங்கிங்’ இங்கே எந்த வகை ஆசிரியர் என்பதை மட்டும் சொல்கிறது. முதல் மூன்று சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாக்கியத்துக்கு வேறு வினை கிடைத்ததா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

சில நேரம் வலப்பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. “ஐ ஆம் கோயிங் டு மை அங்கிள்’ஸ்” என்றால் மாமா வீட்டுக்குப் போகிறேன். ‘வீடு’ சொல்லாமலே விளங்குகிறது. கடைப் பெயர்கள் பலவும் இப்படிப் பிறந்தவை. சென்னை அண்ணா சாலையில் இருக்கும், 1844இல் தொடங்கிய ‘ஹிக்கின்பாதம்ஸ்’ புத்தகக் கடையின் பெயரில் இருக்கும் எஸ், ஹிக்கின்பாதம் என்பவரின் கடை என்பதன் அடையாளம்.

‘இட்ஸ்’ என்ற தொல்லைக்கு விடை சுருக்கமானது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ் ஆகிய எந்த உடைமைச் சொல்லிலும் குறி கிடையாது. ‘இட்ஸ்’ அந்த வரிசையைச் சேர்ந்தது. எனவே நாயின் வாலைச் சொல்லும்போது குறியில்லாத ‘இட்ஸ் டெயில்’. ‘அது குளிராக இருக்கிறது’ என்னும்போது ‘இட் இஸ்’ என்பதன் சுருக்கமாகிய “இட்’ஸ் கோல்ட்”. ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் குறி இடலாம்.

ஆகக் குறியைக் கண்டதும் உடைமை என்று முடிவு கட்டாமல் வலப்பக்கத்தை நோக்க வேண்டும்: பெயரா, வினையா, வெற்றிடமா? காது இதில் உதவாது.

‘ஹேவ்’: உடைமையைச் சொல்லும் வினை

உடைமையைப் பெயரோடு ஒட்டிச் சொல்வதோடு ஆங்கிலம் நிற்கவில்லை. அதற்கென்றே ‘ஹேவ்’ என்ற ஒரு வினையையும் வைத்திருக்கிறது. தமிழில் அப்படியொரு வினை அன்றாட வழக்கில் இல்லை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். இங்கே எழுவாய் தம்பிகள். நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” என்று நான் எழுவாயாகி, தம்பிகள் செயப்படுபொருளாகிவிடுகிறார்கள்.

‘இருக்கிறார்கள்’ என்ற சொல் நிகழ்காலத்தில் தொடர்ந்து இருப்பதைச் சொல்வதால், அதை மனத்தில் வைத்துக்கொண்டு பலர் “ஐ ஆம் ஹேவிங்” என்று மாற்றிவிடுகிறார்கள். ஆனால் உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ ஒரு நிலையைச் சொல்வது. நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்வதன்று. நிலைக்கு ‘இங்’ பொருந்தாது. தம்பிகளை நான் ‘வைத்துக்கொண்டிருக்கும் வேலையில்’ ஈடுபட்டிருக்கவில்லை அல்லவா?

அப்படியானால் “ஐ ஆம் ஹேவிங் லன்ச்” எப்படிச் சரியாகிறது? அங்கே வினைப்பொருள் ‘ஹேவ்’ என்ற சொல்லில் இல்லை, ‘லன்ச்’ என்ற பெயரில் இருக்கிறது. ‘ஹேவ் எ பாத்’, ‘டேக் எ வாக்’, ‘கிவ் எ ஷவுட்’ ஆகியவற்றில் முன்னால் வரும் வினை பல்லக்குத் தூக்கிபோல. காலத்தையும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தையும் சுமந்து வருவது மட்டும் அதன் பணி, உள்ளே உட்கார்ந்திருக்கும் செயல் பெயர்ச்சொல்தான். நாமும் ‘குளியல் போட்டான்’, ‘தூக்கம் போட்டான்’ என்கிறோம். குளியலை யாரும் எங்கேயும் போடுவதில்லை. சாப்பிடுவதும் குளிப்பதும் நடந்துகொண்டிருக்கக்கூடிய செயல்கள் என்பதால் ‘ஹேவிங்’ அங்கே நிற்கும். காரும் தம்பியும் செயல்கள் அல்ல என்பதால் நிற்காது. வினை சரியா தவறா என்பதை இங்கேயும் அதன் வலப்பக்கத்தில் உள்ள பெயரே முடிவு செய்கிறது.

குறி வந்த கதை

பழைய ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. நம்மைப்போலவே அவர்களிடமும் வேற்றுமை உருபுகள் இருந்தன. நாய்க்கு ‘ஹுண்ட்’, நாயின் என்பதற்கு ‘ஹுண்டெஸ்’. எல்லாப் பெயர்களுக்கும் இந்த ‘எஸ்’ ஒலி வந்ததில்லை. பெண்பால் பெயர்களுக்கு வேறு உருபுகள் இருந்தன. காலப்போக்கில் மற்ற உருபுகள் தேய்ந்து மறைய, இது ஒன்று மட்டும் எல்லாப் பெயர்களுக்கும் பரவி, நடுவில் இருந்த உயிரொலியையும் பெரும்பாலான சொற்களில் இழந்தது. எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டும் குறியாக 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக அப்பாஸ்ட்ரஃபி ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னர் அது உடைமைக்கும் உரிய அடையாளமாயிற்று. பன்மை உடைமையில் எஸ்ஸுக்கு அப்பால் இடும் வழக்கம் அதற்கும் பிறகே நிலைபெற்றது. ‘இட்ஸ்’ என்ற சொல்லோ இன்னும் இளையது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் முதற்பதிப்பில் அது இல்லவே இல்லை. அக்காலத்தில் அஃறிணைக்கும் ‘ஹிஸ்’ என்றே வழங்கிவந்தார்கள்.

உருபாகப் பிறந்த இந்த எஸ் பிற்பாடு தன் குணத்தையும் மாற்றிக்கொண்டது. “த கிங் ஆஃப் இங்கிலண்ட்’ஸ் டாட்டர்” என்றால் இங்கிலாந்து மன்னரின் மகள். ஒட்டியிருப்பதென்னவோ ‘இங்கிலண்ட்’ என்ற சொல்லோடு, மகள் மன்னருக்கு. தமிழில் அடைமொழிகளெல்லாம் முன்னால் வந்து முதன்மைப் பெயர் கடைசியில் நிற்பதால் ‘மன்னரின்’ என்று உருபு சரியான ஆளிடமே போய்ச் சேருகிறது. ஆங்கிலத்தில் விளக்கம் பின்னால் தொங்குவதால், எஸ் முழுத் தொடரையும் தாண்டிப்போய் அதன் கடைசிச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொள்கிறது.

பிற்காலத்தில் நுழைந்த குறி என்பதாலோ என்னவோ, ஊர்ப் பெயர்களில் அதன் பிடி தளர்ந்தே இருக்கிறது. அமெரிக்காவில் புவியியல் பெயர்களுக்கான அரசு வாரியம் 1890இல் அமைக்கப்பட்ட காலம் முதலே உடைமைக் குறியைத் தவிர்த்துவந்திருக்கிறது. விலக்குப் பெற்றவை ‘மார்த்தா’ஸ் வின்யார்ட்’ போன்ற மிகச் சில பெயர்களே. லண்டன் சுரங்க ரயிலில் “ஏர்ல்’ஸ் கோர்ட்” நிலையத்தின் பெயரில் குறி உண்டு. பக்கத்திலேயே இருக்கும் ‘பேரன்ஸ் கோர்ட்’ நிலையத்தின் பெயரில் இல்லை.

சென்னையிலும் ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டவரின் பெயரால் “பாரி’ஸ் கார்னர்” என்ற இடம் உண்டாயிற்று. நாளடைவில் குறி உதிர்ந்து ‘பாரிஸ் கார்னர்’ என்று ஆனபிறகு, பிரான்ஸ் தலைநகருக்கும் அந்த முனைக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள் உண்டு. தமிழில் அதே இடம் ‘பாரிமுனை’. உருபு மறைந்து நிற்கும் ஆறாம் வேற்றுமைத்தொகை அது. எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை, பாரிஸுக்கு வழிதவறிப் போகவும் இடமில்லை.